மறுபடியும் டாக்டர்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி அவர்களே! சிறுவர் நலத் துறையின் செயலாளர் அவர்களே! இன்று பணி நிறைவு பெற்று, பாராட்டைக் கேட்கப் பிடிக்காமல் பாதி நாற்காலியில் மட்டும் உட்கார்ந்திருக்கும் எங்கள் மனநல மருத்துவர் அம்மையார் அவர்களே! வழக்கறிஞர் பெருமக்களே, காவல்துறை நண்பர்களே, கூர்நோக்கு இல்லத்தின் பணியாளர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! பின்வரிசையில் நின்றுகொண்டே கேட்கும் தாய்மார்களே! நீங்கள் நிற்க வேண்டாம் அம்மா. அந்தத் தூணுக்குப் பின்னால் நாற்காலிகள் அடுக்கிக் கிடக்கின்றன. எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், நான் காத்திருக்கிறேன். போட்டாயிற்றா? நல்லது. உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

பேச்சைத் தொடங்கும் முன் ஒரு திருத்தம்.

அழைப்பிதழில் என்னை ‘மன்னிப்பின் மறுவடிவம்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். எனக்கு முன் பேசிய சங்கத் தலைவர் அதற்கும் ஒரு படி மேலே போனார். ‘கணவரைக் கொன்றவனையே கண்ணீர் மல்க மன்னித்த கருணைத் தாய்’ என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். அந்தக் கைதட்டலைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன்.

நான் மன்னிக்கவில்லை. அன்றும் மன்னிக்கவில்லை, இன்றும் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. அடுத்தது, அந்தக் கண்ணீர். நீதிமன்றத்தில் என் கண்ணில் வழிந்தது சொட்டு மருந்து! புரை எடுத்த கண். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து நேரம் தவறாமல் ஊற்றினாள். அதைப் பார்த்த ஒரு நிருபர் ‘மூதாட்டி கதறினார்’ என்று எழுதிவிட்டார். நான் கதறுவதில்லை. கான்வென்ட்டில் என்னை வளர்த்த கன்னியாஸ்திரிகள், கைக்குட்டையைக்கூடச் சத்தமில்லாமல் மடிக்க வேண்டும் என்று கற்பித்தவர்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் திருத்திக்கொண்டு சிரியுங்கள். என் வயதையும் இரண்டு குறைத்துப் போட்டிருக்கிறார்கள், அதையும் சேர்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஏன் இத்தனை பிடிவாதமாகத் திருத்துகிறேன்? ஒரு கிழவி அழுதாள், அதனால் ஒரு பையன் பிழைத்தான் என்று ஊர் நம்பினால், இந்த டாக்டர் செய்த வேலை எங்கே போயிற்று? அவர் கேட்ட கேள்விகள் எங்கே? அவர் காத்த பொறுமை எங்கே? அவர் கண்ட உண்மை எங்கே? எல்லாம் என் சொட்டு மருந்தில் கரைந்துவிட்டதா?

இன்று அவர் போகிறார். அவர் இடத்துக்கு ஆள் போடப் போவதில்லை என்று கேள்விப்படுகிறேன். அவர் உட்கார்ந்த அறையை மூடிவிட்டு, கணினித் திரையில் கேள்விகளைக் காட்டி, ஒரே அமர்வில் பதில்களைக் குறித்து, அன்றைக்கே அறிக்கை கொடுக்கும் திட்டம் ஒன்று செயலாளர் ஐயாவின் மேசையில் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறதாம். நாளைக்கு ஒரு பிள்ளை வருவான், அல்லது வருவாள். அந்தப் பிள்ளை எந்தக் கதவு வழியாகப் போகும் என்பது அந்த ஒரு கையெழுத்தில் இருக்கிறது. நான் மாலை போட வரவில்லை, இதற்காகத்தான் வந்தேன்.

இவர் பார்க்கும் வேலை என்ன என்பதே பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. பைத்தியத்துக்கு வைத்தியம் பார்ப்பவர் என்று நினைத்தேன். இவர் வேலை வேறு. வயது பதினெட்டை நெருங்கிய ஒரு பிள்ளை பெருங்குற்றம் ஒன்றைச் செய்துவிட்டால், நீதிபதியின் முன் ஒரு கேள்வி வந்து நிற்கிறது. இவனைப் பெரியவனாக வைத்து விசாரிப்பதா, பிள்ளையாக வைத்து விசாரிப்பதா? செய்தபோது இவனுக்கு என்ன தெரியும், எந்த அளவுக்குப் புரியும்? இவன் மனம் நோயில் இருக்கிறதா, சூதில் இருக்கிறதா, வளராத வயதில் இருக்கிறதா? நீதிபதிக்குச் சட்டம் தெரியும். மனத்தின் உள்ளே எட்டிப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் இவர்.

இனி என் கதை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், நான் சுருக்கமாகச் சொல்பவள்தான்.

என் கணவர் மருந்துக்கடை வைத்திருந்தார். மருந்து எடுப்பது அவர், அளவு போட்டு உறை எழுதுவது நான். ஒரு நாள் கடை சாத்தும் நேரத்தில் மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் வளர்ந்த ஆண்கள். மூன்றாமவன் நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு பையன். எங்களுக்குத் தூக்கம் வராமல் செய்தவர்கள் தூக்க மாத்திரைக்காகத்தான் வந்தார்கள், விற்பதற்காக. நான் உள்ளறையில் இருந்தேன். என் கணவர் குரல் கேட்டது. “தம்பி, கடை சாத்தியாச்சு, நாளைக்கு வா” என்றார். அடுத்து ஒரு சத்தம். நான் வந்து பார்த்தபோது அவர் தரையில் கிடந்தார். கண்ணாடிப் பெட்டியின் விளிம்பில் தலை பட்டிருந்தது. மருத்துவமனையில் கண் விழிக்காமலே போய்விட்டார்.

தள்ளியது அந்தப் பையன். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவனுக்கும் இல்லை.

அந்தப் பெரியவர்கள் இருவருக்கும் தனி வழக்கு, தனித் தண்டனை. அது முடிந்த கதை. பையனுக்கு ஒரு தாய்மாமன் இருந்தார். நீதிமன்றத்துக்கு எதிரே தையல் கடை. வழக்கறிஞர்களுக்குக் கறுப்புக் கோட்டு தைத்துத் தைத்து, சட்டமும் தனக்கு அளவெடுத்தாற்போல் பொருந்திவிட்டது என்று நம்பியவர். வழக்கறிஞர்கள் வரிசையில் சிரிக்கிறார்களே, உங்களில் சிலருக்கு அவரைத் தெரியும் போலிருக்கிறது. அவர் மருமகனுக்கு ஓர் ஆலோசனை சொன்னார். “பைத்தியம் மாதிரி நடிடா. பைத்தியத்துக்குத் தண்டனை கிடையாது. விட்டுடுவாங்க.”

நான் அந்த நடிப்பை நேரில் பார்த்தவள். நீதிமன்ற வராந்தாவில் எனக்கு எதிர்ப் பெஞ்சில் அவனை உட்கார வைத்திருந்தார்கள். அவன் முதலில் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக் கும்பிட்டான். பிறகு சுவரோடு பேசினான். பிறகு ஓவென்று சிரித்தான். தாய்மாமன் வருவோர் போவோரிடமெல்லாம் “பாருங்க சார், பிள்ளைக்குப் பித்துப் பிடிச்சுப் போச்சு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் டீக்காரர் வந்தார். மின்விசிறியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தவன் சட்டென்று திரும்பி, “அண்ணே, எனக்குச் சர்க்கரை கம்மியா” என்றான்!

ஆமாம், நன்றாகச் சிரியுங்கள். அன்று நான் சிரிக்கவில்லை. என் உடம்பெல்லாம் எரிந்தது. என் வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு இவன் வேஷம் கட்டுகிறானே, இவன் பையனா? பழுத்த அயோக்கியன் அல்லவா? பெரியவர்கள் சிறைக்கே இவனை அனுப்ப வேண்டும் என்று அந்தப் பெஞ்சிலேயே முடிவு கட்டினேன்.

இங்கே ஒரு விளக்கம். இதையெல்லாம் நான் இந்த மேடையில் சொல்ல அந்தப் பையனிடம், இப்போது அவன் வளர்ந்த இளைஞன், எழுத்தில் அனுமதி வாங்கியிருக்கிறேன். நான் பேசப்போவதை எழுதி அனுப்பினேன். ஒரே ஒரு திருத்தத்தோடு திருப்பி அனுப்பினான். ‘சர்க்கரை கம்மியா என்று சொல்லவில்லை, சர்க்கரையே வேண்டாம் என்றுதான் சொன்னேன்’ என்று. அந்தத் திருத்தத்தை நான் ஏற்கவில்லை. எதிர்ப் பெஞ்சில் இருந்தவள் நான்.

அப்போதுதான் இந்த டாக்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். பறிகொடுத்த குடும்பத்தைப் பார்க்காமல் அறிக்கை எழுதுவதில்லை என்பது அவர் வழக்கம். போனேன். சின்ன அறை. எனக்கு வித்தியாசமாகப் பட்டது அங்கே இருந்த இரண்டு நாற்காலிகள். இரண்டும் ஒரே உயரம். டாக்டருக்குச் சுழல் நாற்காலி, பிள்ளைக்கு முக்காலி என்றெல்லாம் இல்லை. நடுவில் மேசையும் இல்லை. மேசை ஓரமாக, சுவரைப் பார்த்தபடி இருந்தது. சுவர்க் கடிகாரம் பிள்ளை உட்காரும் பக்கத்துக்குத் தெரியும்படி மாட்டியிருந்தது. “எவ்வளவு நேரம் ஆச்சுன்னு அவங்களுக்குத் தெரியணும்மா. அடைச்சு வெச்ச பிள்ளைங்க, நேரமும் நம்ம கையிலதான்னு நினைச்சுக்கக் கூடாது” என்றார்.

நான் கடிகாரம் பார்க்கப் போகவில்லை. நேராகக் கேட்டேன்.

“டாக்டர், அவன் நடிக்கிறான்.”

“ஆமாம்மா, நடிக்கிறான்.”

“உங்களுக்கே தெரியுமா?”

“உள்ளே வந்து உட்கார்ந்ததுமே தெரிஞ்சுது.”

“அப்ப எழுதிக் கொடுங்க. விவரம் தெரிஞ்சவன், பெரியவங்க ஜெயிலுக்கு அனுப்பலாம்னு.”

“நடிக்கிறான்கிறது ஒரு விஷயம்மா. எப்படி நடிக்கிறான்கிறது இன்னொரு விஷயம். நான் ரெண்டையும் எழுதணும்.”

“நடிப்புக்கு மார்க் போடப் போறீங்களா?”

“போட்டா ஃபெயில்தான்” என்றார். பிறகு, “அவனை மறுபடியும் பார்க்கணும்” என்றார்.

நான் கோபமாக எழுந்து வந்துவிட்டேன். கதவைப் படாரென்று சாத்தவில்லை, கான்வென்ட்டில் படித்தவள் கதவை அறைவதில்லை. ஆனால் வணக்கம் சொல்லாமல் வந்தேன். எனக்கு அது பெரிய கோபம்.

‘மறுபடியும் பார்க்கணும்.’ நண்பர்களே, இந்த ஒரு சொல்லுக்காகத்தான் காவலர்கள் இவருக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். மறுபடியும் டாக்டர்! ஒரு தடவை பார்த்து இவர் அறிக்கை எழுதியதே கிடையாது. குறைந்தது மூன்று அமர்வு. அதுவும் வேறு வேறு நேரத்தில். பசியோடு இருக்கும்போது ஒரு பிள்ளை, சாப்பிட்ட பிறகு வேறு பிள்ளை. தாய் வந்து பார்த்த நாளில் ஒருவன், வராத நாளில் இன்னொருவன். எந்தப் பிள்ளையைப் பற்றி நீதிபதிக்கு எழுதுவது? எல்லாப் பிள்ளையையும் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்பார். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அலைந்து அலைந்து அலுத்துப்போன ஒரு காவலர் ஒரு நாள் சொன்னாராம், “டாக்டரம்மா, வாராவாரம் உங்ககிட்டதான் வர்றேன். எங்க வீட்டுக்காரி, ‘அந்த டாக்டர் வீட்டுலயே பாய் போட்டுக்கோ’ங்குறா.” டாக்டர் யோசித்துவிட்டு, “அவங்களையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்க, மறுபடியும் பேசிப் பார்க்கலாம்” என்றாராம். அந்தக் காவலர் இதோ, மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார். நான் அடையாளம் காட்ட மாட்டேன்.

கூட்டத் தலைவர் நீதிபதி ஐயா ஒரு துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். ‘இரண்டு நிமிடம்’ என்று எழுதியிருக்கிறது. ஐயா, சங்கத் தலைவர் என்னைப் பற்றித் தப்பாகப் பேச எடுத்துக்கொண்ட நேரத்தில் பாதியை, சரியாகப் பேச எனக்குக் கொடுங்கள். நன்றி.

விசாரணை நாள் வந்தது. டாக்டர் சாட்சிக் கூண்டில் ஏறினார். இனி நான் சொல்வதெல்லாம் அந்த நீதிமன்றத்தில் அவர் சத்தியம் செய்து சொன்னவை.

முதல் அமர்வு. எந்தப் பிள்ளை வந்தாலும் இவர் முதலில் சொல்வது ஒன்றே. “தம்பி, நான் உனக்கு வைத்தியம் பார்க்க வரல. நீ சொல்றதை நான் எழுதி ஜட்ஜ்கிட்ட கொடுப்பேன். பிடிக்கலைன்னா சொல்லாம இருக்கலாம்.” நினைத்துப் பாருங்கள்! ஒரு பிள்ளையின் வாயைத் திறக்க வேண்டியவர், வாயை மூடிக்கொள்ளும் உரிமை உனக்கு உண்டு என்று சொல்லித் தொடங்குகிறார். தேனாகப் பேசித் திருடும் வேலை அங்கே இல்லை. அதோடு விடுவதும் இல்லை. “நான் என்ன சொன்னேன்? உன் பாஷையில திருப்பிச் சொல்லு” என்பார். அந்தப் பையன் மின்விசிறியைக் கும்பிட்டுக்கொண்டே, “நீங்க வைத்தியம் பாக்க வரல. நான் சொல்றதை ஜட்ஜய்யாகிட்ட போட்டுக் கொடுத்துருவீங்க. இஷ்டம் இல்லைன்னா வாயை மூடிக்கலாம்” என்று தெளிவாகச் சொன்னான். சொல்லிவிட்டு, தான் பைத்தியம் என்பது நினைவுக்கு வந்து, அவசரமாகச் சுவரோடு பேசினானாம்.

இரண்டாம் அமர்வில் டாக்டர் ஒன்றைக் கவனித்தார். மின்விசிறி, சுவர், சிரிப்பு. எப்போதும் அதே வரிசை. நடுவில் டாக்டர் ஏதாவது கேட்டுக் குறுக்கிட்டால், விட்ட இடத்திலிருந்து அவனால் தொடர முடியவில்லை. மறுபடியும் மின்விசிறியிலிருந்து ஆரம்பித்தான். மனப்பாடப் பாட்டை ஒப்பிக்கும் குழந்தையை நடுவில் நிறுத்தினால் என்ன செய்யும்? முதல் அடிக்குத்தானே ஓடும்? டாக்டர் கேட்டார், “தம்பி, இதை யார் சொல்லிக் கொடுத்தாங்க?” அவன் பதில் சொன்னான், “சொல்லிக் கொடுத்தாங்கன்னு சொல்லக் கூடாதுன்னு மாமா சொன்னாரு.”

நீதிமன்றமே சிரித்தது. நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். தாய்மாமன் மட்டும் எழுந்து வெளியே போய்விட்டார். அன்று அவருக்கு நிறையத் துணி வெட்ட வேண்டியிருந்ததாம்.

மூன்றாம் அமர்வில் நடிப்பு இல்லை. அவன் நடந்ததைச் சொன்னான். கூட வந்தவர்கள் அவனிடம், “நீ உயரமா இருக்க, முன்னாடி நில்லு, கிழவர் பயந்துடுவார்” என்றார்களாம். நின்றான். என் கணவர் பயப்படவில்லை. அவர் யாருக்கும் பயப்பட்டவர் இல்லை, எனக்கு மட்டும் கொஞ்சம். “நாளைக்கு வா” என்றார். பின்னால் நின்றவன் “தள்ளுடா” என்றான். தள்ளினான்.

“தள்ளினா விழுவார்னு தெரியுமா?”

“தெரியும்.”

“வயசானவர்னு தெரியுமா?”

“தெரியும்.”

“அடிபடும்னு தெரியுமா?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் தள்ளின?”

“தள்ளுன்னு சொன்னாங்க.”

இதை டாக்டர் கூண்டில் நின்று வாசித்தபோது என் மகள் என் கையைப் பிடித்தாள். மூன்று ‘தெரியும்’. மூன்றையும் அவர் மறைக்கவில்லை, மழுப்பவில்லை, மெழுகவில்லை. இவனுக்கு மனநோய் இல்லை என்று எழுதினார். செய்தது தவறு என்று இவனுக்குத் தெரியும் என்று எழுதினார். கெட்ட பெரியவர்கள் கையில் கிடைத்தால் இவன் மறுபடியும் ஆபத்தானவன் என்று எழுதினார். பையனின் வழக்கறிஞர் முகம் சுருங்கிப் போயிற்று.

அரசு வழக்கறிஞர் மகிழ்ச்சியோடு எழுந்தார். “டாக்டர், உங்களையே ஏமாற்றப் பார்த்தவன் விவரமான பெரியவன்தானே?”

“ஏமாற்றப் பார்த்தான். முடியவில்லை.”

“பொய் சொல்கிறான் அல்லவா?”

“சொல்கிறான். பிள்ளைகள் பொய் சொல்லாதவர்களாக இருந்தால் எனக்கு இந்த வேலையே இருந்திருக்காது.”

“அப்படியானால் இந்தப் பொய் எதைக் காட்டுகிறது?”

“இந்தப் பொய்யைத் தைத்தவர் பெரியவர். போட்டுக்கொண்டு வந்தவன் சின்னவன். தோள் தொங்குவது உங்களுக்கே தெரியவில்லையா?” என்றார் டாக்டர். “தள்ளு என்றார்கள், தள்ளினான். நடி என்றார்கள், நடித்தான். கடைசியாக யார் சொல்கிறார்களோ அதைச் செய்கிறான். பள்ளியில் விசாரித்தேன், தாயிடம் விசாரித்தேன், சின்ன வயதிலிருந்து இதே கதைதான். இவனுக்குத் தெரியும். தெரிந்ததை வைத்து ஒரு நொடி நின்று, மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. அந்த இடத்தில் இவன் வயது, சான்றிதழில் உள்ள வயது இல்லை.”

“செய்ததற்கு வருந்துகிறானா?” என்று கேட்டார் நீதிபதி.

“எனக்குத் தெரியவில்லை” என்றார் டாக்டர்.

இதைக் கேட்டுத்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். படித்தவர்கள் எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். சத்தியம் செய்த கூண்டில் நின்று, ‘எனக்குத் தெரியவில்லை’ என்று தலை நிமிர்ந்து சொன்ன ஒருவரை அன்றுதான் பார்த்தேன். இவருடைய ஒவ்வோர் அறிக்கையும் ‘எனக்குத் தெரியாதவை’ என்ற தலைப்போடுதான் முடியும் என்று பிறகு அறிந்தேன். தெரிந்ததைத் தெரிந்ததென்றும், தெரியாததைத் தெரியாததென்றும் பிரித்து வைக்கிற நேர்மை! அது கண்டிப்பு. கண்டிப்பு எனக்குப் பிடிக்கும்.

பையன் பிள்ளையாகவே விசாரிக்கப்பட்டான். பாதுகாப்பு இல்லத்தில் வருடக்கணக்கில் இருந்தான். எனக்கு உடனே மனம் ஆறிவிட்டதா? இல்லை. வீட்டுக்கு வந்து மகளிடம், “கம்மியாக் கொடுத்துட்டாங்கடி” என்றேன். அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். “அம்மா, நீ கடையில உறை எழுதும்போது சின்னப் பிள்ளைக்குக் கம்மியா எழுதுவியே, அது இரக்கப்பட்டா?”

எத்தனை ஆயிரம் உறை எழுதியிருப்பேன்! அதே காய்ச்சல், அதே மருந்து. பெரியவருக்கு ஓர் அளவு, பிள்ளைக்கு ஓர் அளவு. பிள்ளைக்குப் பெரியவர் அளவைக் கொடுத்தால் நோய் போகாது, பிள்ளைதான் போகும். அளவைக் குறைத்து எழுதிய நான் என்றைக்காவது என்னைக் கருணைத் தாய் என்று நினைத்தேனா? பிள்ளையின் எடையைப் பார்த்து எழுதினேன், அவ்வளவுதான். இந்த டாக்டர் செய்ததும் அதுதான். இவர் அந்தப் பையன் மேல் பரிதாபப்பட்டாரா? பரிவு காட்டினாரா? பாவம் பார்த்தாரா? இல்லை! பார்க்க வேண்டிய எடையைப் பார்த்தார், பார்த்ததை எழுதினார்!

எழுதியதோடு நிற்கவும் இல்லை. இவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்றும் சொன்னார். தாய்மாமன் பொறுப்பில் விடக் கூடாது. ஒவ்வொரு நாளும் இவனிடம் ஒரு வேலையைச் சொல்லும் முன், ‘நீ என்ன நினைக்கிற?’ என்று கேட்க வேண்டும். அவ்வளவுதானா என்று நீங்கள் நினைப்பீர்கள். இல்லத்துக் கண்காணிப்பாளரும் அப்படித்தான் நினைத்தார். மாதக்கணக்கில் கேட்டார். மாதக்கணக்கில் ஒரே பதில், “நீங்களே சொல்லுங்க சார்.” பிறகு ஒரு நாள் கண்காணிப்பாளர் டாக்டருக்குப் போன் செய்தார்.

“டாக்டர், உங்க பையன் இன்னைக்கு எதிர்த்துப் பேசிட்டான்.”

“என்ன சொன்னான்?”

“மற்ற பசங்க சுவர் ஏறிக் குதிக்கப் பார்த்தாங்க. இவன்தான் உயரம், இவன் தோள்ல ஏறணும்னு கூப்பிட்டிருக்காங்க. ‘மாட்டேன்’னுட்டானாம். அதோட விட்டானா? நான் போய், ‘யார் யார்னு சொல்லுடா’ன்னு கேட்டா, என்கிட்டயும் ‘மாட்டேன்’கிறான்!”

“ரொம்ப சந்தோஷமான சேதி சார்!”

“எது டாக்டர், எதைச் சொல்றீங்க?”

“ரெண்டும்தான்!”

கண்காணிப்பாளர் ஐயா கையைத் தூக்குகிறார், உண்மைதான் என்று. உட்காருங்கள் ஐயா, உங்களை நம்பாமல் சொல்லவில்லை. அந்த இளைஞன் இப்போது வேறோர் ஊரில் நீரேற்றும் மோட்டார் பழுது பார்க்கிறான். நான் அவனைப் போய்ப் பார்த்ததில்லை. பார்க்க விரும்பவும் இல்லை. என் வீட்டுக்காரர் இருந்த இடம் வெறுமையாகவே இருக்கிறது, அதை எந்த அறிக்கையும் நிரப்பாது. ஆனால் அந்தப் பையன் பெரியவர்கள் சிறைக்குப் போயிருந்தால், அங்கே ‘தள்ளு’ என்று சொல்ல எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவன் வெளியே வந்த பின் இன்னொரு கடையில், தரையில் கிடக்கும் இன்னொரு கிழவரை, இன்னொரு பெண் உள்ளறையிலிருந்து ஓடி வந்து பார்த்திருப்பாள். அந்தப் பெண் இந்தக் கூட்டத்தில்கூட இருக்கலாம். அவளுக்கு எதுவும் நேரவில்லை. நேரவில்லை என்பதாலேயே அவளுக்குத் தெரியாது, யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று! அவள் சார்பில் நான் சொல்கிறேன். டாக்டர் அவர்களே, நன்றி. இப்போதாவது நாற்காலியில் சாய்ந்து உட்காருங்கள்.

செயலாளர் ஐயா, இப்போது உங்களிடம் வருகிறேன். உங்கள் மேல் எனக்குக் குறை இல்லை. பணிச்சுமை தெரியும், காத்துக் கிடக்கும் வழக்குகள் தெரியும். ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். அந்தப் பையனுக்கு ஒரே ஓர் அமர்வு நடந்திருந்தால் திரை என்ன சொல்லியிருக்கும்? மின்விசிறியைக் கும்பிட்டான், பைத்தியம் என்று குறித்திருக்கும். அது பொய். இரண்டாம் அமர்வோடு நிறுத்தியிருந்தால்? நடிக்கிறான், அயோக்கியன் என்று குறித்திருக்கும். அதுவும் பொய். நானும் அதைத்தான் சொன்னேன், நானும் தவறு. மூன்றாம் அமர்வில்தானே அந்த மூன்று ‘தெரியும்’ வந்தது? மூன்றாம் அமர்வில்தானே அந்த ஒரு ‘சொன்னாங்க’ வந்தது?

உண்மை முதல் தடவையே கதவைத் தட்டாவிட்டால் மறுபடியும் வா என்று சொல்ல ஆள் வேண்டாமா? பொய் வந்து உட்கார்ந்தால் மறுபடியும் பேசு என்று கேட்க ஆள் வேண்டாமா? பயந்த பிள்ளை வாயடைத்து நின்றால் மறுபடியும் பார்க்கலாம் என்று சொல்ல ஆள் வேண்டாமா? ஒரு பிள்ளையின் வாழ்நாள் முழுவதையும் முடிவு செய்யும் நாட்டில், அந்தப் பிள்ளையை இன்னொரு தடவை பார்க்க நேரம் இல்லையா? இழந்தவள் நான் கேட்கிறேன். பழி கேட்டு நின்றவள் நான் கேட்கிறேன். எனக்கே அந்த மூன்றாம் அமர்வு வேண்டியிருந்தது என்றால், யாருக்கு வேண்டாம்?

கை தட்ட வேண்டாம். கை தட்டினால் செயலாளர் ஐயா எழுந்து நின்று, ‘ஆவன செய்யப்படும்’ என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிடுவார். நீங்களும் மகிழ்ந்து வீட்டுக்குப் போய்விடுவீர்கள். அந்த வாசகம் எனக்கு வேண்டாம்.

இத்தனை நேரம் பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், சீட்டை இரண்டாம் தடவை அனுப்பாத தலைவருக்கும் என் நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.

செயலாளர் ஐயா, என் கேள்விகள் இரண்டு. இந்தப் பணியிடத்துக்குப் பயிற்சி பெற்ற மனநல மருத்துவரை நியமிப்பீர்களா, மாட்டீர்களா? ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தது மூன்று அமர்வு என்ற வழக்கம் தொடருமா, தொடராதா? என் முகவரி உங்கள் உதவியாளரிடம் கொடுத்திருக்கிறேன். பதிலை எழுத்தில், தேதியும் கையெழுத்தும் போட்டு அனுப்பிவையுங்கள்.